என் தங்கையை மயக்கிய ஊர்

"அக்கா, நீ வந்தாத்தான் நான் ஒப்பரேசனுக்குப் படுப்பன். இல்லாட்டி இந்தக் கல்லோடயே இருந்திட்டுப் போறன்" என்றாள் சுகந்தி தொலைபேசியில்.

கல் அவளுடைய பித்தப்பையில் இருந்தது. இரண்டு வருடமாக அவளைப் பாடாய்ப் படுத்தியது. சாப்பிட்டு ஒரு மணித்தியாலத்தில் வலது விலாவின் கீழே பிடித்துக்கொள்ளும். சுவரில் கையை ஊன்றியபடி நிற்பாள். எடுத்துவிடுவதுதான் நல்லது என்று மூன்று வைத்தியர்கள் சொன்னார்கள். மூவரிடமும் யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டாள். அவளுக்குக் கத்தியில் பயமில்லை. அதற்கு முன் ஏற்றும் மயக்க மருந்தில்தான் பயம். அந்தப் பயத்தில் எனக்கும் ஒரு பங்கு உண்டு என்பது எனக்கு மட்டும் தெரியும்.

யாழ்ப்பாணத் தபால் கந்தோரில் பத்து நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். பெட்டியில் வறுத்து இடித்த மிளகாய்த்தூள் ஒரு கிலோ, பருத்தித்துறை வடை இரண்டு பை, ஒரு கம்பளிச் சட்டை. சட்டை கொண்டுபோகிறேன் என்றதும் மேலதிகாரி சிரித்தார். பெங்களூரில் இறங்கி விமான நிலைய வாசலைத் தாண்டியதும் அதைத்தான் முதலில் எடுத்துப் போட்டேன். மழை தூறியது. செப்டெம்பர் மாதத்தில் பகல் பதினொரு மணிக்குக் குளிர்கிற ஊரை நான் அதுவரை கண்டதில்லை.

பேருந்தில் நடத்துநர் கன்னடத்தில் ஏதோ கேட்டார். நான் விழித்தேன். பக்கத்தில் இருந்தவர் தமிழில், "எங்க எறங்கணும்னு கேக்குறாருங்க" என்றார். சொன்னேன். "சிலோனா? தனியாவா வந்தீங்க?" என்று கேட்டார். "ஓம்" என்றேன். அவர் சட்டென்று பக்தியோடு தலையைக் குனிந்தார். ஓம் என்றால் எங்கள் ஊரில் ஆமாம் என்று விளக்கி முடிப்பதற்குள், பேருந்து ஹெப்பாள் மேம்பாலத்தில் ஏறி அப்படியே நின்றுவிட்டது. நாற்பது நிமிடம். யாரும் கோபப்படவில்லை. ஒரு பெண் கூந்தலைப் பின்னி முடித்தாள். ஒருவர் மடிக்கணினியைத் திறந்து கூட்டமே நடத்தினார்.

சுகந்தியின் வீடு ஜீவனஹள்ளியில், ஒடுங்கிய சந்துக்குள் மூன்றாம் மாடி. கீழே தையற்கடை, எதிரே தேவாலயம். படியேறி முடிப்பதற்குள் அவளுடைய கணவர் அன்பழகன் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். அன்பழகன் கோலார் தங்கவயல்காரர். தகப்பனார் சுரங்கத் தொழிலாளி. சுரங்கம் மூடிய பிறகு இவர் பெங்களூருக்கு வந்து, இப்போது ஹெப்பகோடியில் ஒரு இயந்திரப் பாகத் தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்.

"வாங்க அண்ணி. இவ மூணு நாளா தூங்கல. நீங்க வர்றீங்கன்னு வீட்ட மூணு வாட்டி கழுவிட்டா" என்றார்.

சுகந்தி மெலிந்திருந்தாள். கலியாணமாகி இங்கே வந்த இருபத்திரண்டு வருடத்தில் அவளுடைய தமிழ் இரண்டாகப் பிரிந்திருந்தது. என்னோடு பேசும்போது யாழ்ப்பாணம். திரும்பிக் கணவரோடு பேசும்போது பெங்களூர். ஒரே மூச்சில், "அக்கா, தேத்தண்ணி குடிக்கிறியோ? ஏங்க, ஹாலு வாங்கியாந்தீங்களா?" என்று கேட்டாள். ஹாலு என்றால் பால் என்பது தேநீர் வந்ததும் புரிந்தது.

மத்தியானம் என்னை ஒரு கடைக்குக் கூட்டிப்போய் வெண்ணெய் தோசை வாங்கித் தந்தாள். எண்ணெயும் வெண்ணெயும் அவளுக்கு ஆகாது. வெறும் தண்ணீர்க் குவளையை முன்னால் வைத்துக்கொண்டு, "நீ சாப்பிடு, நான் பாக்கிறன்" என்றாள். தோசை கரகரவென்று இருந்தது. சாம்பாரில் வெல்லம் போட்டிருந்தார்கள். சாம்பார்மேல் என்ன பகை, இப்படிப் பாயாசமாக்குகிறார்கள் என்று கேட்டேன். சுகந்தி விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மறுநாள் காலை நகரின் மறுகோடியில் இருந்த ஒரு பெரிய மருத்துவமனைக்குப் போனோம். மயக்க மருந்து டாக்டரின் பெயர் ஷைலஜா. நாற்பது வயது இருக்கும். கன்னடக்காரர், நோயாளிகளிடம் பேசிப் பேசியே தமிழ் படித்தவர். படிவத்தை நிரப்பிக்கொண்டே, "முன்னாடி ஏதாவது ஆப்பரேஷன் ஆயிருக்காம்மா?" என்று கேட்டார்.

சுகந்தி பாடமாக்கி வைத்ததுபோல் சொன்னாள். "கொழும்புல, இருபத்தி நாலு வயசுல, அப்பெண்டிக்ஸ். நடுவுல முழிச்சுக்கிட்டேன். யாரும் நம்பல."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "என்ன கேட்டுச்சு? மெதுவாச் சொல்லுங்க. அவசரமே இல்ல."

சுகந்தி என்னைப் பார்த்தாள். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள். கண் திறக்க முடியவில்லை. விரல் அசைக்க முடியவில்லை. வயிற்றுக்குள் யாரோ பையைத் துழாவுவதுபோல் இழுபட்டது. சிங்களத்தில் பேசிக்கொண்டார்கள். நாலு மணிக்குள் முடிக்க வேண்டும், இன்று மகளின் பிறந்தநாள், கேக் வாங்கப் போகவேண்டும் என்று அறுவை செய்த டாக்டர் சொன்னார். இவள் உள்ளுக்குள் கத்தினாள். குரல் வரவில்லை. அதன் பிறகு ஒன்றும் நினைவில்லை.

"இதுல ஏதாவது ஒண்ணு நெஜம்தான்னு பின்னாடி தெரிய வந்துச்சா? கூட யாராவது இருந்தாங்களா?" என்று டாக்டர் கேட்டார்.

கூட இருந்தது நான். அப்போது கொழும்பில் வேலை பார்த்தேன். கண் விழித்ததும் அவள் முதலில் சொன்னது என்னிடம். நானும் தாதியும் சிரித்தோம். "கனவு கண்டிருப்பாய், விசரி" என்று அவளைப் பைத்தியக்காரியாக்கிப் போர்வையை இழுத்துவிட்டேன். அன்று பின்னேரம் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்க அந்த டாக்டரின் அறைக்குப் போனேன். பூட்டியிருந்தது. "டாக்டர் இன்றைக்கு நேரத்தோடு போய்விட்டார், மகளுக்குப் பிறந்தநாள். நாளைக்கு வாருங்கள்" என்றார் வெளியே மேசையில் இருந்த எழுதுநர். கடிதத்தோடு அந்த நடைபாதையில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. திரும்பி வந்து சுகந்தியிடம் ஒன்றும் சொல்லவில்லை. உண்மையென்று தெரிந்தால் இன்னும் பயப்படுவாள், கனவென்று நினைத்தால் மறந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டேன். அவள் மறக்கவில்லை. நாள் போகப் போக என்னாலும் வாய் திறக்க முடியாமல் போனது.

"எனக்குத் தெரியும்" என்றேன். டாக்டரைப் பார்த்தே முழுவதையும் சொன்னேன். சுகந்தி இருந்த பக்கம் திரும்பவில்லை.

ஷைலஜா என்னைக் குறை சொல்லவில்லை. தாளை எடுத்து ஒரு தலையையும் அதற்குள் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகளையும் வரைந்தார்.

"கேளுங்கம்மா. அப்ப ரெண்டு மருந்து ஓடிட்டு இருந்திருக்கும். ஒண்ணு தசையக் கட்டுறது. இன்னொண்ணு நெனவ எடுக்கிறது. ரெண்டாவது கொறஞ்சு போயிருக்கு. மொதலாவது கொறையல. அதான் நீங்க உள்ள இருந்தீங்க, ஆனா கையக் காட்ட முடியல. ரொம்ப அபூர்வமா இப்படி நடக்கும். ஆனா நடக்கும். உங்களுக்கு நடந்துச்சு."

சுகந்தி அந்தப் படத்தின்மேல் குனிந்தாள்.

"மருந்து நல்லா வேலை செஞ்சா மூளைல எல்லாத்தையும் அணைச்சிடும்னு நெனைக்காதீங்க. காதுக்கான எடம் அப்பவும் சத்தத்த வாங்கிக்கும். ஆனா அத மத்த எடங்களுக்கு அனுப்பி, அங்கேருந்து பதில் வாங்கி, எல்லாம் ஒண்ணு சேர்ந்து 'இது என் பேரு, என்னைத்தான் கூப்பிடுறாங்க'ன்னு ஆகணும் பாருங்க, அந்தப் போக்குவரத்து விட்டுப்போகும். முக்கியமா நெத்திப் பக்கத்துலேருந்து பின்பக்கம் போறது." பேனாவால் படத்தில் இருந்த கோடுகளை ஒவ்வொன்றாக வெட்டினார். "நம்ம ஊர் மாதிரிதான். எல்லா வீட்டுலயும் லைட் எரியுது. ரோடு முழுக்க ஜாம். யாரும் யாரையும் போய்ப் பாக்க முடியாது."

நேற்றைய மேம்பாலம் எனக்கு நினைவு வந்தது.

அந்த இணைப்புகள் எப்படி விட்டுப்போய் எப்படித் திரும்பச் சேருகின்றன என்றுதான் அவருடைய குழு ஆராய்ந்துகொண்டிருந்தது. சம்மதித்தால் சுகந்தியின் தலையில் மின்வயர்கள் பதித்த தொப்பி மாட்டுவார்கள். மயக்கத்தில் இருக்கும்போது காதில் அவளுடைய பெயரை ஒலிக்கவிட்டு, அது மூளைக்குள் எவ்வளவு தூரம் போகிறது என்று பதிவார்கள். "ஆராய்ச்சி வேண்டாம்னாலும் ஒண்ணு செய்வேன்" என்றார். "தசையக் கட்டுற மருந்து கொடுக்குறதுக்கு முன்னாடி உங்க வலது கையில ஒரு பட்டை கட்டி இறுக்கிடுவேன். கொஞ்ச நேரத்துக்கு அந்தக் கைக்கு மட்டும் மருந்து போகாது. அந்தக் கைய நானே புடிச்சுட்டு இருப்பேன். நீங்க உள்ள இருந்தா அழுத்துங்க."

சுகந்தி படிவத்தை வாங்கிக் கையெழுத்திட்டாள். மயக்கத்துக்கும் ஆராய்ச்சிக்கும்.

ஆட்டோவில் திரும்பினோம். மழை வலுத்தது. ரயில் பாலத்துக்கு அடியில் தேங்கியிருந்த தண்ணீரில் ஆட்டோ இரண்டு முறை இருமி நின்றது. "ப்ளக்ல தண்ணி பூந்துச்சு மேடம். டென்ஷன் நக்கோ, வேணாம். பத்து நிமிஷம்" என்று ஓட்டுநர் கால்சட்டையை மடித்துக்கொண்டு இறங்கினார். நாங்கள் இருவரும் கால்களை இருக்கையில் தூக்கிவைத்துக்கொண்டு கோழிகள்போலக் குந்தியிருந்தோம். தண்ணீரில் ஒரு ஒற்றைச் செருப்பு மிதந்து போனது.

"எனக்கு விசர் இல்லை எண்டு உனக்குத் தெரிஞ்சிருக்கு" என்றாள் சுகந்தி. "எனக்குத்தான் தெரியேல்லை."

"பிழை என்னிலதான்" என்றேன்.

ஓட்டுநர் எதையோ துடைத்தார், ஊதினார், திட்டினார். ஆட்டோ உறுமியது. அது புறப்பட்டுக் கொஞ்சத் தூரம் போன பிறகு சுகந்தி சொன்னாள்: "வீட்டை போய் எனக்குப் புட்டு அவி. தேங்காய்ப்பூவைக் குறைச்சுப் போடு."

அவித்தேன். தேங்காய்ப்பூவை மிகக் குறைத்துவிட்டேன் போலிருக்கிறது; மணல்போல் இருந்தது. சுகந்தி முழுவதையும் சாப்பிட்டு முடித்தாள். அன்பழகன் மட்டும், "அண்ணி, இதத் தண்ணியோடதான் முழுங்கணுமா?" என்று மரியாதையாகக் கேட்டார்.

மூன்றாம் நாள் எனக்கு ஒரு வேலை கிடைத்தது. பெயரைச் சொல்லும் குரல் பழக்கமான குரலாக இருந்தால் நல்லது என்றார்கள். மருத்துவமனையில் துணிகள் அடுக்கிய ஓர் அறையில் என்னை உட்காரவைத்து, ஜீவிதா என்ற தொழில்நுட்பப் பெண் ஒலிவாங்கியை முன்னால் நகர்த்தினாள். அவளும் தங்கவயல் குடும்பம். அன்பழகனின் தெருவுக்கு அடுத்த தெரு. பத்து முறை ஒரே தொனியில் 'சுகந்தி' என்று சொல்லவேண்டும். சொன்னேன்.

ஜீவிதா காதுக்கருவியைக் கழற்றினாள். "அக்கா, கோச்சுக்காதீங்க. திட்டுற மாதிரியே இருக்கு."

மறுபடி சொன்னேன். இப்போது அழுகிற மாதிரி இருந்ததாம். இன்னொரு தரம். இது தபால்காரர் பெயர் கூப்பிடுகிற மாதிரி என்றாள். என் தொழில் அவளுக்குத் தெரியாது. இருபது நிமிடத்துக்குப் பிறகு, "சரி, இந்தத் திட்டுறதையே வச்சுக்கலாம். அவங்களுக்கு அதான பழக்கம்" என்று முடித்துவிட்டாள்.

நான்காம் நாள் காலை ஏழரைக்குச் சுகந்தியை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். தலையில் தொப்பி, அதிலிருந்து வயர்கள். "கண்ணாடி இருந்தாத் தாவன், பாப்பம்" என்று கேட்டாள். கொடுத்தேன். பார்த்துவிட்டு, "கலியாணத்துக்குக்கூட எனக்கு இவ்வளவு தலையலங்காரம் செய்யேல்லை" என்றாள். கதவு மூடியது.

காத்திருப்பு அறையில் மண்டியாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் இருந்தது. அந்த அம்மா டப்பாவைத் திறந்து, கேட்காமலேயே எனக்கு ஒரு ராகி உருண்டை வைத்தார். மென்றேன். மெல்லக் கூடாது, விழுங்க வேண்டும் என்று சைகையில் காட்டினார். எதிரே ஒரு முதியவர் யாரிடமோ தொலைபேசியில் கன்னடத்தில் பேசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் இருந்த அன்பழகன் எனக்கு மொழிபெயர்த்தார்: "அவர் சம்சாரத்துக்கு முட்டி ஆப்பரேஷனாம். 'அவ எழுந்திரிக்கறதுக்குள்ள நான் ஒரு வடை தின்னுட்டு வந்துடணும், எழுந்தா விடமாட்டா'ங்குறாரு."

பிறகு அன்பழகன் என் பக்கம் திரும்பினார். "நீங்க டாக்டர்கிட்ட சொன்னதச் சுகந்தி சொன்னா அண்ணி" என்றார். நான் தரையைப் பார்த்தேன்.

"நான் மொத நாளே நம்பிட்டேன். எங்கப்பா ஒரு வாட்டி சுரங்கத்துல மண்ணு சரிஞ்சு மாட்டிக்கினாரு. மேல நின்னு பேசுறவங்க குரல் அவருக்குக் கேட்டுச்சு. இவரு கத்துனது அவங்களுக்குக் கேக்கல. எடுத்த பிறகு வீட்டுல ஒரு விஷயம்தான் திரும்பத் திரும்பச் சொல்வாரு. 'கேட்டுச்சுடா, எல்லாம் கேட்டுச்சு'ன்னு. இவ சொன்னப்ப எனக்கு அதான் ஞாபகம் வந்துச்சு." பிறகு என் கையில் இருந்த ராகி உருண்டையைப் பார்த்து, "முழுங்குங்க அண்ணி. அந்தம்மா பாத்துட்டே இருக்காங்க" என்றார்.

ஒன்பதே முக்காலுக்கு ஷைலஜா வெளியே வந்தார். முகமூடியைக் கழற்றிவிட்டுச் சிரித்தார். "கையப் புடிச்சுட்டுக் கேட்டேன், ரெண்டு வாட்டி. அழுத்தல. அவங்க அங்க இல்ல. இப்ப வந்துட்டாங்க. வாங்க."

சுகந்தியின் கண்கள் பாதி திறந்திருந்தன. என்னைப் பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது.

"எப்ப தொடங்கப் போயினம்?" என்று கேட்டாள்.

"முடிஞ்சுது" என்றேன்.

"பொய் சொல்லாதை."

"இந்த முறை இல்லை."

அவள் கையை மெல்ல நகர்த்தி வயிற்றில் ஒட்டியிருந்த கட்டுகளைத் தடவினாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரும் காரணம் தெரியாமல் சிரித்தார்.

ஆறாம் நாள், வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், ஷைலஜா எங்களைக் கணினித் திரை முன்னால் உட்காரவைத்தார். முதல் படம், மயக்கத்துக்கு முன்னே எடுத்தது. என் குரல் 'சுகந்தி' என்றதும் காதுக்கு மேலே ஓரிடம் ஒளிர்ந்து, அங்கிருந்து நெற்றிக்கும் உச்சிக்கும் பின்னந்தலைக்கும் கோடுகள் பாய்ந்தன, திரும்பி வந்தன. இரண்டாவது, முழு மயக்கத்தில். அதே குரல். காதுக்கு மேலே அதே இடம் சற்று மங்கலாக ஒளிர்ந்தது. அவ்வளவுதான். ஒரு கோடும் புறப்படவில்லை. மூன்றாவது, தெளிகிற நேரம். கோடுகள் ஒவ்வொன்றாக, ஒழுங்கில்லாமல் வந்து சேர்ந்தன.

"இதுல எது விட்டா நெனவு போகுது, எது சேர்ந்தா வருதுன்னு எங்களுக்கு இன்னும் முழுசாத் தெரியாது" என்றார் ஷைலஜா. "ஆளுக்கு ஆள் மாறுது. அதனாலதான் உங்கள மாதிரி ஆளுங்க சொல்றது எங்களுக்கு வேணும்."

நான் இரண்டாவது படத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. என் குரல் அவளுடைய காதுவரை போய் வாசலிலேயே நின்றுவிட்டது. சுகந்திக்கோ முகமெல்லாம் மகிழ்ச்சி.

"அக்கா கூப்பிட்டு நான் கேக்காமப் போனதுக்கு வாழ்க்கையில முதல் தரமா ஆதாரம் இருக்கு" என்றாள்.

அடுத்த இரண்டு நாளும் நல்ல வெயில். அவள் படுத்திருந்து கட்டளையிட, நான் ஊர் சுற்றினேன். மெட்ரோவில் எதிர்ப்பக்க ரயிலில் ஏறி எங்கேயோ போய், ஒரு மாணவி கையைப் பிடித்து இறக்கிவிட, திரும்பி வந்தேன். காக்ஸ் டவுன் சந்தைக்குப் பக்கத்து பேக்கரியில் காரப் பன் தின்றேன். எங்கள் மாலுப் பணிசுக்குள் மீன் இருக்கும்; இதற்குள் வெங்காயமும் பச்சைமிளகாயும் மாவோடு கலந்து கிடக்கின்றன. மீன் இல்லாத குறை தெரியவில்லை என்பதை யாழ்ப்பாணத்தில் சொல்ல மாட்டேன். சுகந்தி எண்ணெய் தொடாத, மசாலை வைக்காத காலி தோசை ஒன்று சாப்பிட்டாள். ஒரு மணி நேரம் விலாவில் கைவைத்துக் காத்திருந்தாள். ஒன்றும் வரவில்லை. இன்னொன்று சாப்பிட்டாள்.

ஒன்பதாம் நாள் காயத்தைக் காட்டப் போனபோது ஷைலஜா ஒரு கேள்வி கேட்டார். மயக்க மருந்துத் துறையில் படிக்கிற இளம் டாக்டர்களுக்கு இன்று வகுப்பு. கொழும்பில் நடந்ததை அவர்களிடம் நேரில் சொல்ல முடியுமா? விருப்பமில்லை என்றால் பரவாயில்லை.

சுகந்தி சேலையைச் சரிசெய்துகொண்டாள். "எந்த பாஷைல?"

"உங்களுக்கு வர்ற பாஷைல."

இருபது பேர் இருந்தார்கள். நான் கடைசி வரிசையில் ஜீவிதாவோடு உட்கார்ந்தேன். சுகந்தி நின்றுகொண்டு பேசமுடியாததால் முன்னால் இரண்டு பேர் உட்காரக்கூடிய ஒரு வாங்கைப் போட்டிருந்தார்கள். தமிழில் தொடங்கினாள், கன்னடத்துக்குப் போனாள், ஆங்கிலத்தில் தடுக்கி, திரும்பத் தமிழுக்கு வந்தாள். கன்னடத்தை ஜீவிதா என் காதில் சொன்னாள். விளக்கின் சூடு இமையில் பட்டதையும், காலடியில் யாரோ ஒரு சிங்களப் பாட்டை முணுமுணுத்ததையும், அந்தப் பாட்டு முடிவதற்குள் செத்துவிடுவேன் என்று நினைத்ததையும் அன்றுதான் நான் கேட்டேன். இருபத்தைந்து வருடமாக அவள் தொடங்கும்போதெல்லாம் நான் பேச்சை மாற்றியிருக்கிறேன். அன்று மாற்ற வழியில்லை. ஓர் இளம் டாக்டர் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கன்னத்தில் கைவைத்துக் கேட்டான்.

முடிந்ததும் ஒரு பெண் எழுந்தாள். "கண் முழிச்சதும் சொன்னீங்கல்ல, அப்ப என்ன செஞ்சிருக்கணும்?"

"பெருசா ஒண்ணும் வேணாம்மா" என்றாள் சுகந்தி. "பக்கத்துல ஒக்காந்து, அப்பறம் என்ன கேட்டுச்சுன்னு கேட்டிருந்தாப் போதும். கூட இருந்தவங்க கனவுன்னு சொல்லிட்டாங்க."

அந்தப் பெண் அதை எழுதிக்கொண்டாள். கூட இருந்தவர் யார் என்று சுகந்தி சொல்லவில்லை. சொல்லாமல் விட்டு, அடுத்த கேள்விக்குத் திரும்பிவிட்டாள்.

நான் கையைத் தூக்கினேன். ஷைலஜா பார்த்துவிட்டார். எழுந்து நின்றபோது எல்லாத் தலைகளும் பின்னால் திரும்பின.

"அந்தக் கூட இருந்த ஆள் நான்தான்" என்றேன். "இவவின்ர அக்கா. எனக்கு அது உண்மை எண்டு தெரியும். நான் சொல்லேல்லை. ஏன் சொல்லேல்லை எண்டும் இவையள் கேக்கவேணும் எண்டு நினைக்கிறன்."

என் தமிழ் பாதிப் பேருக்குப் புரிந்திருக்காது. ஜீவிதா மெல்ல எழுந்து கன்னடத்தில் சொன்னாள்.

சுகந்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு, வாங்கின் ஓரத்துக்கு மெதுவாக நகர்ந்து, பக்கத்து இடத்தைக் கையால் தட்டினாள்.

நான் முன்னால் போனேன்.